திருப்பி ஓட்டிய மாடுகள்

கறக்க உட்கார்ந்தவளின் அக்குளுக்குள் அந்த வெள்ளைமூஞ்சிப் பசு மூக்கை நுழைத்ததும் இஸ்பெல்லின் கை நின்றுவிட்டது. மரவாளியில் பால் பாதிகூட ஏறவில்லை. பசு வெதுவெதுப்பாக மூச்சுவிட்டுக்கொண்டு அப்படியே நின்றது. மூடுபனி முற்றத்துச் சுவர்மேல் ஈரத்துணி மாதிரி கிடந்தது. கொழுந்தன் சிம்மும் அவன் கூட்டாளிகளும் ஓட்டிக்கொண்டு வந்த மாடுகள் சேற்றில் குளம்பு புதைய நின்று புது இடத்தை மோந்து மோந்து கத்தின.

அக்குளுக்குள் மூக்கு வைக்கிற பசுக்களை அவள் ஒரே ஒரு தொழுவத்தில்தான் பார்த்திருக்கிறாள். தாய்க்கு அந்தப் பழக்கம் இருந்தது, பெண்கன்றுக்கு வந்தது, அதன் கன்றுக்கும் வந்தது. எழுந்து பசுவின் இடது காதை விரித்து, ஈரமயிரை ஒதுக்கிப் பார்த்தாள். நுனியில் கவட்டைபோல ஒரு வெட்டு. அவளுடைய அண்ணன் ரோவி ஹெட்லி தன் மாடுகளுக்குப் போடுகிற அடையாளம். இரண்டு ராஜ்ஜியங்களின் எல்லைக்கு அந்தப் பக்கம், ரீட் ஆற்றங்கரையில், ஆல்டர்ஷா என்கிற கல்வீட்டில் அவள் பிறந்தாள். அந்த வீட்டு மாடு இங்கே, லிட்டெல் பள்ளத்தாக்கில், அவள் புருஷன் வீட்டு முற்றத்தில் நிற்கிறது.

வாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கையில் பிடித்தபடியே ஏணியேறி மேல்கட்டுக்குப் போனாள்.

கீழே மாடும் மேலே மனுஷரும் இருக்கிற வீடு அது. சுவர் கைநீளத்துக்கு மேல் கனம். அடுப்போரம் டாண்ட் க்ரோசர் காலை நீட்டி உட்கார்ந்து சேணவாரைத் தைத்துக்கொண்டிருந்தான். கோடையில் குதிரை வழுக்கி அவன்மேல் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. கூடியதென்று பேர்தான், கோணலாகக் கூடியிருந்தது. அதனால்தான் இந்தத் தடவை சிம் தானே தலைமை தாங்கிப் போனான்.

மழைக்கார டாண்ட் என்றால்தான் அவனைத் தெரியும். மழை கொட்டுகிற இரவில்தான் அவன் குதிரையேறுவான். குளம்புத்தடம் கரைந்துவிடும், நாய்க்கு வாசம் கிடைக்காது. வானம் கறுத்தால் அந்தப் பக்கத்தார் தொழுவத்துக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போடுவார்கள். திருடன்தான். இரண்டு ராஜாக்களின் படையும் மாறிமாறி வந்து கொளுத்திவிட்டுப் போகிற மண்ணில், விதைத்ததை அறுப்போமென்று யாருக்கும் நிச்சயமில்லை. மாட்டுக்குக் கால் இருக்கிறது, ஓட்டிக்கொண்டு ஓடலாம். அதனால் எல்லோரும் மாட்டையே நம்பினார்கள், எல்லோரும் அடுத்தவன் மாட்டை ஓட்டினார்கள். ஆனால் ஒற்றைப் பசு வைத்துப் பிழைக்கிறவன் வாசலில் டாண்ட் நின்றதில்லை. வைக்கோல் போருக்கு நெருப்பு வைத்ததில்லை. சதுப்பில் விழுந்த கூட்டாளியை விட்டுவிட்டு வீடு வந்ததில்லை. எதிரிகள்கூட அவனைத் திட்டும்போது குரலில் கொஞ்சம் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கும்.

“பாலைச் சிந்திக்கிட்டே வாரியே, என்ன?” என்றான்.

“கீழ நிக்கிறது ஆல்டர்ஷா மாடு.”

ஊசி நின்றது. “நல்லாப் பாத்தியா?”

“நான் பால் குடிச்ச வம்சம். இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?”

டாண்ட் ஊசியை வாரில் குத்திவைத்தான். பிறகு சுவரில் தட்டி, “சிம்மு! லே, சிம்மு!” என்று கத்தினான்.

சிம் வாயில் ஓட்ஸ் ரொட்டியோடு வந்தான். இரவெல்லாம் குதிரைமேல் இருந்தவன், கண் சிவந்து, ஆனால் முகமெல்லாம் பெருமையாக இருந்தது. அவனுக்கு வாய்ச்சிம் என்று பட்டப்பேர்.

“எப்படிண்ணே நம்ம சரக்கு? நீ வரலைன்னா ஒண்ணும் கிழியாதுன்னாங்க.”

“எந்த வீட்டுல ஓட்டுன?”

“மேலாத்துக்காரன் வீட்டுல. வழியில பனி இறங்கிச்சு. கொஞ்சம் அங்க இங்க சுத்தினோம். அப்புறம் ஒரு கல்வீடு தெரிஞ்சுது. அதேதான்னு நெனைச்சு…”

“அது உன் மதினி பொறந்த வீடுலே, மடையா.”

மென்றுகொண்டிருந்த சிம்மின் வாய் நின்றது. இஸ்பெல்லைப் பார்த்தான். “சத்தியமாத் தெரியாது மதினி. கை நீட்டினா கை தெரியாத பனி.”

“யாரையாவது அடிச்சியா?” என்று அவள் கேட்டாள்.

“தொழுவ வாசல்ல ஒருத்தன் குறுக்க நின்னான். வெட்டல. ஈட்டிக் கட்டையால ஒண்ணு போட்டேன், விழுந்துட்டான்.”

“எப்படி இருந்தான்?”

“குட்டையா, செம்பட்டையா. ஒரு தோள் இறங்கி இருந்துச்சு.”

இஸ்பெல் அடுப்புக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கிப். அண்ணன் வீட்டு மாட்டுக்காரன். எல்லை தாண்டிக் கல்யாணம் செய்தால் கழுத்துக்குக் கயிறு என்று இரண்டு ராஜ்ஜியமும் சட்டம் போட்டிருந்த காலத்தில், அவள் டாண்டின் குதிரைக்குப் பின்னால் ஏறிய அன்று, நாய்களைத் தொழுவத்துக்குள் அடைத்துவிட்டு வெளிவாசலைத் திறந்துவிட்டவன் அவன்தான். ரோவி அவனை அதற்காகச் சவுக்கால் அடித்தான் என்று பிறகு கேள்விப்பட்டாள். அந்தக் கிப் மூலமாகத்தான் டாண்ட் மச்சானுக்குச் சொல்லியனுப்பினான்: உன் தொழுவத்தில் க்ரோசர் ஆள் கை படாது, இது என் வாக்கு. ரோவி பதில் சொல்லவில்லை. தங்கையின் பேரையே வீட்டில் எடுக்கவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து மழை பெய்தாலும் ஆல்டர்ஷாவில் ஒற்றைத் தாழ்ப்பாள்தான்.

டாண்ட் சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். “குதிரைக்குச் சேணம் போடு. மாட்டைத் திருப்பி ஓட்டணும்.”

சிம் சிரித்தேவிட்டான். “திருப்பியா? நம்ம தாத்தன் காலத்துல இருந்து யாராவது ஓட்டுனதைத் திருப்பி ஓட்டிருக்கானா? ஊரே சிரிக்கும்ணே. பங்காளிக ரெண்டு உருப்படியை அப்பவே பிரிச்சு ஓட்டிட்டுப் போயிட்டாங்க. குளிருக்கு என்னத்தைத் திங்க? ஓட்ஸ் பூராக் கறுத்துப் போச்சு, பாத்தேல்ல?”

“போன ரெண்டுக்கு நம்ம செவலைக் காளையையும் சினைக் கிடேரியையும் சேர்த்து ஓட்டு.”

“நம்ம கிடேரியவா? அண்ணே, அப்புறம் நம்ம தொழுவத்துல கோழிதான் இருக்கும்.”

“கோழி முட்டை போடும்லே. வாக்கு போனா என்ன போடும்?”

“அவங்க இந்நேரம் துரத்திக்கிட்டு வருவாங்க. மாட்டோட உன்னைப் பாத்தா பேசவா விடுவாங்க? அந்த எடத்துலயே தொங்கவிட்டுருவாங்க. நான் வாரேன் கூட.”

“நீ வந்தா சண்டை வரும். சண்டை வந்தா ரெண்டு பக்கமும் பொணம் விழும், அதுக்கு முப்பது வருஷம் ஒருத்தனை ஒருத்தன் அடிச்சுக்கிட்டுக் கெடப்போம். வேண்டாம். ஒத்தை ஆளாப் போனா, நான் திருட வரலைன்னு குருடனுக்கும் தெரியும்.”

“ஒத்தை ஆளு இல்ல. அந்தப் பசு என் பின்னால வரும், மத்தது அது பின்னால வரும். உம்ம காலை வச்சுக்கிட்டு நீரு மாடு மேய்ச்ச மாதிரிதான்,” என்றாள் இஸ்பெல்.

டாண்ட் அவளைப் பார்த்தான். வேண்டாமென்று சொல்ல வாயெடுத்து, சொல்லிப் பயனில்லையென்று விட்டுவிட்டான். அவளோடு குடித்தனம் பண்ணியதில் அந்த அளவுக்குத் தேறியிருந்தான்.

வீட்டை விட்டுப் போகும்போது செய்கிற வேலையை அவள் செய்தாள். சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளைக் கீழ்க்கட்டில் கூரைவரை அடுக்கி, நடுவில் தணலை வைத்தாள். அது கொழுந்துவிடாது, நாள்கணக்கில் புகையும். துரத்தி வருகிறவன் வேறு வழியில் வந்துசேர்ந்தாலும் அந்தப் புகைக்குள் நுழைந்து வெடிமருந்து வைக்க முடியாது. திரும்பி வந்தால் சுவரைக் கழுவிக்கொள்ளலாம். சிம் மலைமேல் பங்காளி வீட்டில் போய் இருக்க வேண்டுமென்று ஏற்பாடு. ஒரு துணியில் ஓட்ஸ் ரொட்டியும் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியும் முடிந்துகொண்டாள்.

சதுப்பு வழி பகலில் பார்த்தால் இன்னும் பயங்கரமாக இருந்தது. பச்சைப்பசேலென்று வெல்வெட் மாதிரி இருக்கிற இடம்தான் ஆளை விழுங்கும். செத்துப்போன மாதிரி பழுப்பாக இருக்கிற புல்தான் தாங்கும். டாண்ட் முன்னால் குதிரையில் போனான். கடிவாளத்தைத் தளர்த்தி, குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டே திரும்பினான். இஸ்பெல் பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, வெள்ளைமூஞ்சியின் கழுத்தில் கை போட்டு நடந்தாள். மற்றவை அதன் பின்னால் வரிசையாக வந்தன. தூற்றல் விட்டுவிட்டு விழுந்தது. காளை மட்டும் ஓரிடத்தில் பச்சைப்புல்லுக்கு ஆசைப்பட்டு வயிறுவரை இறங்கிவிட்டது. டாண்ட் குதிரையை விட்டிறங்கி, கோணல் காலைச் சேற்றில் ஊன்றி, கொம்பில் கயிறு போட்டு இழுத்தான். இஸ்பெல் பின்னாலிருந்து வாலை முறுக்கினாள். காளை மேலே வந்தது. டாண்டின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“வலிக்குதா?”

“இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இந்த வழியில இப்படி நிதானமா வந்ததில்ல. நல்லாத்தான் இருக்கு எடம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மலைமுகட்டில், தண்ணீர் இரண்டு நாட்டுக்கும் பிரிந்து ஓடுகிற இடத்தில், கொம்பு ஊதுகிற சத்தம் கேட்டது. பிறகு மோப்ப நாயின் குரைப்பு. சரிவில் ஆட்கள் தெரிந்தார்கள். முன்னால் வந்தவன் ஈட்டி முனையில் கரிமண் கட்டி ஒன்று புகைந்துகொண்டிருந்தது. பறிகொடுத்தவன் அப்படி நெருப்பு ஏந்தி வந்தால் எல்லை தாண்டலாம். யாரும் தடுக்கக்கூடாது. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட சட்டம்.

ஈட்டியைப் பிடித்திருந்தவன் ரோவி ஹெட்லி. தாடியில் நரை வந்திருந்தது. இஸ்பெல் அதை இப்போதுதான் பார்க்கிறாள்.

டாண்ட் இடுப்பு வாளை உறையோடு அவிழ்த்துப் புல்லில் போட்டான். இரும்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஆட்கள் சுற்றிவளைத்தார்கள்.

ரோவி மாடுகளைப் பார்த்தான், அவை நிற்கிற திசையைப் பார்த்தான்.

“மழைக்கார டாண்டு பகல்ல மாடு ஓட்டி இப்பதான் பாக்கேன். அதுவும் இந்தத் திசையில.”

“திசை சரிதான் மச்சான். நேத்து ஓட்டுன திசைதான் தப்பு.”

“மச்சானா? அந்த வார்த்தை வேண்டாம் வேய். கையும் மாடுமாப் பிடிபட்டவனை அங்கேயே தொங்கவிடலாம்னு சட்டம் இருக்கு, தெரியும்ல?”

“தெரியும். இங்க மரந்தான் இல்ல.”

ஒருவன் சிரித்துவிட்டான். ரோவியின் மைத்துனன் லாண்டி, இளந்தாரி, சிரிக்கவில்லை. “கீழ ஓடைப் பக்கம் ஒரு மரம் இருக்கு,” என்றான்.

“அந்த மரமா? அது உளுத்துப் போச்சு தம்பி. என் எடைக்குத் தாங்காது, நீதான் ரெண்டு தரம் கஷ்டப்படுவே.”

“கிப் எப்படி இருக்காரு?” என்று இஸ்பெல் கேட்டாள்.

ரோவி அவள் பக்கம் திரும்பவில்லை. டாண்டிடம், “உம்ம வீட்டுக்காரிகிட்டச் சொல்லும். மண்டை உடைஞ்சு கெடக்கான். கண்ணைத் தொறக்கல. பேச்சில்ல,” என்றான்.

காற்று ஈட்டிமுனை நெருப்பை ஊதிச் சிவக்கவைத்தது. டாண்ட் மெதுவாகச் சொன்னான்:

“மாடு பூராவும் இருக்கு. ரெண்டு குறைஞ்சுது, என் தொழுவத்துலருந்து சேர்த்திருக்கேன். பனியில வழிதப்பி நடந்தது, ஆனா நான் கொடுத்த வாக்கு உடைஞ்சது உடைஞ்சதுதான். மாட்டைத் திருப்பலாம், மண்டையைத் திருப்ப முடியாது. அதனால என்னை வச்சுக்கிடும். கிப்பு எழுந்திரிச்சா அனுப்பும். எழுந்திரிக்காட்டா உம்ம ஊர்ல நல்ல மரமாப் பாரும். நடுவுல நான் ஓட மாட்டேன்.”

“அடிச்சது யாரு? நீரு இல்ல. நொண்டிக்கிட்டு வந்திருக்க மாட்டீரு.”

“க்ரோசர் ஆளு அடிச்சான். நான் க்ரோசர்.”

ரோவி ஈட்டியை லாண்டியிடம் கொடுத்தான். பிறகு குதிரையிலிருந்தபடியே கையை நீட்டினான். டாண்ட் கையைக் கொடுத்தான். வேறு கட்டு, பூட்டு எதுவும் தேவையில்லை. எல்லைக்காரன் மாட்டைத் திருடுவான், வைக்கோலைத் திருடுவான், கை கொடுத்துச் சொன்ன சொல்லை மீறினால் மட்டும் அவன் சொந்தக்காரனே அவனைக் குழிதோண்டிப் புதைப்பான்.

“நானும் வாரேன்,” என்றாள் இஸ்பெல்.

அப்போதுதான் ரோவி திரும்பினான். “ஏட்டி, உன்னை யாரு கூப்பிட்டா?”

“யாரும் கூப்பிட வேண்டாம். நான் பொறந்த வீட்டுக்கு நான் போறேன். கிப்பைப் பாக்க ஆள் வேணும். உன் பொண்டாட்டி தொழுவத்தைப் பாப்பாளா, அவரைப் பாப்பாளா?”

அவன் குதிரையைத் திருப்பினான். அது போதுமென்று அவள் வெள்ளைமூஞ்சியை நடத்தினாள்.

ஆல்டர்ஷாவில் யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. ரோவியின் மனைவி எல்லிசன் மெலிந்த, சுறுசுறுப்பான பெண். டாண்டின் கூழ்க்கிண்ணத்தை மேசையில் வைக்காமல் வாசல்படியில் நாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். டாண்ட் படியிலேயே உட்கார்ந்து ஒரு வாய் தான் தின்று, ஒரு வாய் நாய்க்குக் கொடுத்தான்.

“கூழ் நல்லாருக்கும்மா. இவருக்கும் பிடிச்சிருக்கு,” என்று நாயைக் காட்டினான். எல்லிசன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் மறுநாள் கிண்ணத்தில் ஒரு கரண்டி வெண்ணெய் இருந்தது.

கிப் படுத்திருந்த அறையில் வைக்கோல் மெத்தைக்குப் பக்கத்திலேயே இஸ்பெல் இருந்தாள். தலைக்கட்டை அவிழ்த்து, வெந்நீரில் கழுவி, புதுத்துணி கட்டினாள். துணிநுனியை மோரில் நனைத்து உதட்டில் பிழிந்தாள். விழுங்கினான். சில சமயம் கண் திறக்கும். பார்வை அவளைத் தாண்டி எங்கோ போகும். “கிப்பு, நான் இஸ்பெல்” என்று காதருகே சொல்லிச் சொல்லி அவளுக்குத் தன் பேரே வேறு யாருடைய பேரோ மாதிரி ஆகிவிட்டது. ரோவி வாசல்வரை வருவான், பார்ப்பான், போவான்.

கிப்பின் வேலையெல்லாம் டாண்ட் தலையில் விழுந்தது. யாரும் சொல்லவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். கோல் ஊன்றிக்கொண்டு சாணி வாரினான், வைக்கோல் போட்டான், கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டினான். மாடு அவனுக்குப் பழக நேரம் பிடிக்கவில்லை. அவனுக்கு மாட்டைப் பழக்குவதே பிழைப்பு. லாண்டி எட்ட நின்று ஈட்டியோடு காவல் காத்தான்.

ஒருநாள் ரோவி தொழுவத்துச் சுவரோரம் நின்றான். டாண்ட் கோலால் ஓரிடத்தைத் தட்டிக் காட்டினான்.

“இந்த மூலைக் கல்லு ஆடுது. இதை யாரும் பாக்கலையா?”

“ஏன், நீரு பாத்து வச்சிருந்தீரோ?”

“பின்ன? பன்னிரண்டு வருஷமாத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தி ஒரு மழைக்கு வந்து இங்கதான் கையை வச்சுப் பாத்தேன். அப்பத்தான் மேல ஜன்னல்ல ஒரு பொண்ணு நின்னுக்கிட்டிருந்தா. மாட்டை மறந்துட்டேன்.”

ரோவியின் மீசை அசைந்தது. சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியாது. அன்று மதியம் இருவரும் சேர்ந்து அந்த மூலையைப் பிரித்துக் கட்டினார்கள். திருடன் கல் எடுத்துக் கொடுக்க, பறிகொடுத்தவன் வைத்துக் கட்டினான். உள்ளிருந்து பார்த்த இஸ்பெல்லுக்கு, இவர்கள் இருவரும் ஒரு கரையில் பிறந்திருந்தால் பிரிக்க முடியாத கூட்டாளிகளாக இருந்திருப்பார்கள் என்று பட்டது. கிப் அப்போதும் பேசவில்லை.

சிம் வந்தது ஒரு முற்பகலில். பனி கீழிறங்கியிருந்தது. முதலில் குளம்புச் சத்தம், பிறகு உருவங்கள். க்ரோசர் ஆட்கள் இரும்புத் தொப்பியோடு, ஈட்டி தாழ்த்தி, முற்றத்து வாசலில் நின்றார்கள். சிம்மின் கையில் சேணம் போட்ட, ஆளில்லாத குதிரை ஒன்றின் கடிவாளம் இருந்தது. ரோவியின் ஆட்கள் பாதிப்பேர் விறகுக்குப் போயிருந்தார்கள். எல்லிசன் கதவைச் சாத்த ஓடினாள். மாடி ஜன்னலில் ரோவி குறுக்குவில்லில் அம்பை ஏற்றிக் குறிவைத்து நின்றான். இஸ்பெல் அவனருகில் போய் நின்றாள். கீழே இருப்பதில் எந்தப் பக்கம் விழுந்தாலும் அவளுடைய ஆள்தான் விழுவான்.

தொழுவ வாசலில் டாண்ட் சாணி வாருகிற முள்கரண்டியோடு நின்றிருந்தான்.

“அண்ணே, ஏறு! சீக்கிரம்!” என்றான் சிம்.

“எதுக்கு?”

“எதுக்கா? அந்தாளு இன்னைக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டிருக்கானாமே. இவனுக உன்னைத் தூக்குல போடறதை நாங்க வேடிக்கை பாக்கணுமா? ஏறுண்ணே. வழியில மாட்டையும் ஓட்டிக்கிட்டுப் போயிருவோம்.”

“லே சிம்மு, குதிரையை நிறுத்து. இன்னும் ஒரு அடி வச்சே, முள்கரண்டியை நெஞ்சுல பாய்ச்சிருவேன். நெசமாச் சொல்றேன்.”

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “மழைக்காரனுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு,” என்று ஒருவன் முணுமுணுத்தான்.

“கை கொடுத்துட்டு வந்திருக்கேன்லே. நான் இந்த வீட்டுல இருக்கிறவரை இந்த வீட்டு மாட்டுக்கு நான் காவல். என்னைத் தூக்கிட்டுப் போகணும்னா பொணமாத் தூக்கிட்டுப் போ. அதுக்கு இவங்களே போதும், நீ எதுக்கு?”

“உனக்கு எங்களைவிட அவனுக பெரிசாப் போயிட்டானுகளா?” சிம்மின் குரல் உடைந்தது. “நான் என்ன பண்ணட்டும், சொல்லு! நீ தொங்கறதைப் பாத்துக்கிட்டு நான் எப்படிக் கஞ்சி குடிக்க?”

டாண்ட் நொண்டிக்கொண்டு அவன் குதிரையருகே போனான். குரலை இறக்கிச் சொன்னாலும் பனியில் மேலே நன்றாகக் கேட்டது.

“நான் இங்க யாருக்குப் பதிலா நிக்கேன்னு உனக்குத் தெரியாதாலே? என்னை மீட்கணும்னா ஈட்டி வேண்டாம். இறங்கி உள்ள போ. நீ சாய்ச்ச ஆளு உள்ள கெடக்கான். புரட்டிப் படுக்க வைக்க ஆளில்லாம உன் மதினி ஒத்தையாத் தூக்கிக்கிட்டுக் கெடக்கா.”

சிம் அசையாமல் இருந்தான். வாய்ச்சிம்முக்கு வாயே இல்லாமல் போய்விட்டது. பிறகு ஈட்டியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தான். வாளை அவிழ்த்தான். இறங்கினான். “நீங்க போங்கடா,” என்று கூட்டாளிகளிடம் சொன்னான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, எதிரி வீட்டு முற்றத்தின் குறுக்கே நடந்து வந்தான். குறுக்குவில் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தது. இஸ்பெல் அண்ணனின் கையைத் தொட்டாள். இத்தனை வருஷத்தில் முதல்முறை தொடுகிறாள். ரோவி வில்லைத் தாழ்த்தினான்.

அன்றிலிருந்து சிம் கிப்பின் பக்கத்தில் கிடந்தான். இஸ்பெல் சொன்னதையெல்லாம் வாய்திறக்காமல் செய்தான். கிப்பைக் குழந்தைபோல இரண்டு கையிலும் ஏந்தித் தூக்குவான், அவள் வைக்கோலை மாற்றுவாள். முதுகில் புண் வராமல் புரட்டிவிடுவான். மோர் பிழிந்துவிடக் கற்றுக்கொண்டான். லாண்டி வாசலில் நின்று பல்லைக் கடித்தான்.

“இவன்தான் அடிச்சது. மூஞ்சிலயே எழுதியிருக்கு. கிப்பு பிழைச்சாலும் இவனை விடக்கூடாது அத்தான். நெருப்பு ஏந்திப் போனோம், சட்டப்படி இவன் கழுத்து நம்மளது.”

வீட்டு ஆட்களும் அதையே சொன்னார்கள். ரோவி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். “பாத்தவன் ஒருத்தன்தான். அவன் வாயால சொல்லட்டும். சொன்னா, நீங்க சொல்ல வேண்டாம், நானே கயிறு எடுப்பேன்.”

அன்றைக்கு டாண்ட் கிண்ணத்தைத் தொடவில்லை. தொழுவத்தில் வெள்ளைமூஞ்சியின் முதுகில் நெற்றியை வைத்து நின்றவனை இஸ்பெல் பார்த்தாள்.

“என் கழுத்தைக் கொடுக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் தோணலை. அவனை உள்ள அனுப்பினது நாந்தானே,” என்றான்.

“போனது அவன். நீரு வாசலைத்தான் காட்டினீரு.”

“நீ எந்தப் பக்கம்?”

“புண் இருக்கிற பக்கம்,” என்று சொல்லிவிட்டு அவள் மோர்க்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

கிப் விழித்தது காலைக் கறவை முடிந்த நேரம். சிம் அவனைத் தூக்கிப் பிடித்திருக்க, இஸ்பெல் மெத்தையை உதறிக்கொண்டிருந்தாள்.

“பசிக்குது,” என்றது ஒரு குரல்.

அவள் திரும்பினாள். கிப்பின் கண் இந்தத் தடவை அவள்மேலேயே நின்றது. “ஏ, நம்ம இஸ்பெல்லா? என்ன இப்படிக் குண்டாயிட்டே?”

அவள் சிரித்தாள், அழுதாள், ஓடிப்போய் எல்லோரையும் கூப்பிட்டாள். அறை நிறைந்துவிட்டது. எல்லிசன், லாண்டி, வீட்டு ஆட்கள். கடைசியாக டாண்ட் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரோவி மெத்தையோரம் குனிந்தான்.

“கிப்பு. நல்லா யோசிச்சுச் சொல்லு. உன்னை அடிச்சது யாரு?”

சிம்மின் கை இன்னும் கிப்பின் முதுகைத் தாங்கியிருந்தது. அவன் உதடு வெளுத்துவிட்டது. எச்சில் விழுங்கிக்கொண்டு, “நான்…” என்று தொடங்கினான்.

“சும்மா இரு தம்பி, என்னைத்தானே கேக்காங்க,” என்றான் கிப். தலையை மெல்லத் திருப்பித் தன்னைத் தாங்கியிருந்த முகத்தை மிக அருகில் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பிறகு வாசலில் நின்ற டாண்டை. பிறகு கையில் வைக்கோலோடு மூச்சுவிடாமல் நின்ற இஸ்பெல்லை. கூட்டத்தில் யார் யார் கை இடுப்பு வாளில் இருக்கிறதென்றும் பார்த்தான். அவசரப்படவில்லை.

“கதவு,” என்றான்.

“என்னது?”

“தொழுவக் கதவு. காத்துக்கு அடிச்சுது. கீலு ஆடிக்கிட்டே கெடக்குல்ல? ஆளை அடிக்காம என்ன செய்யும்?”

“கிப்பு, அன்னைக்குக் காத்தே இல்ல!” என்று லாண்டி கத்தினான். “பனி இருந்துச்சு!”

“உன் மண்டையிலயா அடிச்சுது? என் மண்டையிலதானே? எனக்குத் தெரியாதா காத்து இருந்துச்சா இல்லையான்னு? கூழ் இருக்கா இல்லையா இந்த வீட்டுல?”

எல்லிசன் முதலில் அசைந்தாள், கூழ் எடுக்கப் போனாள். சிம் குனிந்து கிப்பின் தோளில் முகத்தைப் பதித்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. கிப், “மெதுவா, மெதுவா, தலை வலிக்குதுல்ல,” என்றான்.

ரோவி நிமிர்ந்தான். அவன் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனான். எங்கே போகிறான் என்று இஸ்பெல் பதறி ஜன்னலுக்கு ஓடினாள். கயிறு கிடக்கிற கொட்டகைக்குள்தான் நுழைந்தான். வெளியே வந்தபோது அவன் கையில் இருந்தது சுத்தியல்.

நேரே தொழுவ வாசலுக்குப் போய், போன வசந்தத்தில்தான் மாட்டிய, துளிகூட ஆடாத அந்தக் கதவின் கீலை ஓங்கி ஓங்கி அடிக்கத் தொடங்கினான். முற்றமே அதிர்ந்தது. கோழிகள் சிதறின. மாடுகள் தலைதூக்கிப் பார்த்தன. விறகோடு அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்த ஆட்கள் வாசலில் திகைத்து நின்றார்கள்.

“என்ன செய்யறீங்கய்யா?”

“கதவைச் சரி பண்றேன்,” என்றான் ரோவி, அடிப்பதை நிறுத்தாமல். “ஆளைக் கொல்லப் பாத்துது.”